பழைய காரின் பிரேக்கை வீட்டிலேயே பழுதுபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் ஹைட்ராலிக் பிரேக் (ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்) பொருத்தப்பட்ட பழைய கார்களுக்கும் சிறு வேன்களுக்கும் உரியவை. காற்றழுத்த பிரேக்கில் இயங்கும் லாரிகளும் பேருந்துகளும் இதில் சேரா. அவற்றின் பிரேக் அறைக்குள் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங், முறை தெரியாமல் கழற்றுபவரின் உயிரையே பறித்துவிடும்.

பிரேக் வேலையை வீட்டில் செய்வது சரிதானா?

எல்லா வேலையையும் செய்ய முடியாது. ஷூ (டிரம்முக்குள் உராயும் வளைந்த கட்டை) மாற்றுவது, பேட் (டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் உராய்வுத் தட்டு) மாற்றுவது, ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் (சக்கரத்தில் ஷூக்களைத் தள்ளும் சிலிண்டர்) ஆகியவற்றைப் புதிதாகப் பூட்டுவது, ஏர் எடுப்பது (குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது), கைப்பிரேக்கின் இழுவையைச் சரிசெய்வது ஆகியவை சாதாரணக் கருவிகளும் பொறுமையும் உள்ள ஒருவரால் செய்யக்கூடியவை. டிரம்மை (சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு உருளையை) கடைந்து சமன்செய்வதற்கு லேத் வேண்டும். பழைய ஷூவில் புதிய லைனிங்கை (உராய்வுப் பட்டையை) ரிவெட் அடிப்பதும், வாக்குவம் சர்வோவை (எஞ்சினின் வெற்றிடத்தால் மிதியின் பலத்தைக் கூட்டும் பாகத்தை) பிரித்து உள்ளே பழுதுபார்ப்பதும் அந்தந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் விடவேண்டியவை. உங்கள் வண்டியின் மாடலுக்கு உரிய பணிமனைக் கையேடு கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம். முறுக்கு அளவும் தேய்மான எல்லையும் மாடலுக்கு மாடல் மாறுபடும், அவற்றை ஊகிக்கக் கூடாது. கழற்றிய பாகங்களை எந்த வரிசையில் திரும்பப் பூட்டுவது என்பதைத் தயங்காமல் சொல்ல முடியாதவர் கழற்றாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

வண்டி அதிகம் ஓடவே இல்லை. பிறகு ஏன் பிரேக் கெடுகிறது?

புதிய வண்டியின் பிரேக் ஓடித் தேய்கிறது; பழைய வண்டியின் பிரேக் பெரும்பாலும் நின்றே கெடுகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், உள்ளே சேரும் நீர் சிலிண்டரின் சுவரைச் சிறு சிறு குழிகளாக அரிக்கிறது. சிலிண்டருக்குள் ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப்புகள் ஒரே இடத்தில் நெடுநாள் இருந்து இறுகிப்போகின்றன. ஈரமான இடத்தில் நிறுத்திய காரில், டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டின்) மீது பேட் படிந்திருக்கும் இடத்தைச் சுற்றித் துரு ஏறுகிறது. கைப்பிரேக்கைப் போட்டபடியே விட்டிருந்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆகையால் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை வைத்து ஒரு பழைய காரின் பிரேக் நல்ல நிலையில் இருப்பதாக முடிவுகட்டுவது தவறு. லைனிங் பாதிக்கு மேல் மீந்திருக்கும் வண்டியில்கூட ஆயில், ஹோஸ், கப்பு ஆகிய மூன்றும் உயிரிழந்திருக்கலாம்.

எதையும் கழற்றாமல், பெடலை வைத்தே குறையைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஜாக்கியைத் தொடுவதற்கு முன் இதற்குச் சிறிது நேரம் செலவிடுவது தேவையற்ற வேலையைத் தவிர்க்கும்.

பெடல் ஆழமாக இறங்கி, இரண்டாவது முறை மிதித்ததும் மேலே வந்துவிட்டால், இரண்டில் ஒன்று காரணமாக இருக்கும். மேலே வந்த பெடல் காலுக்குக் கெட்டியாக இருந்தால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. ஷூவைச் சரிசெய்தால் போதும். மேலே வந்தும் மெத்தென்று அமுங்கினால் குழாய்க்குள் காற்று இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பாராமல் பலர் நேராக ஏர் எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

சீரான அழுத்தத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ ஆயில் வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடல் தள்ளும் முதன்மைச் சிலிண்டருக்குள்) கப்பைத் தாண்டி ஆயில் திரும்பி ஓடுகிறது. வெளியே எங்கும் ஈரமில்லாமல் ஆயில் மட்டம் மட்டும் குறைந்துகொண்டே போனால் சர்வோவைச் சந்தேகியுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பின்புறக் கசிவு சர்வோவுக்குள் இறங்கி, எஞ்சினால் உறிஞ்சப்பட்டு வெண்புகையாக வெளியேறுவது உண்டு.

சர்வோ வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் நின்றிருக்கும்போது பெடலை ஐந்தாறு முறை மிதித்து உள்ளிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, பிறகு மிதித்துப் பிடித்தபடி எஞ்சினை ஓட விடுங்கள். பெடல் கொஞ்சம் தானாகக் கீழே போக வேண்டும். போகாவிட்டால் சர்வோவோ, அதற்குச் செல்லும் வாக்குவம் குழாயோ, அதன் ஒருவழி வால்வோ பழுதாகியிருக்கிறது.

பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், குறை பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தில் இருக்கும், ஏனெனில் நன்றாகப் பிடிக்கும் பக்கத்தை நோக்கியே வண்டி திரும்பும். பெடல் காலடியில் துடித்தால் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை, அல்லது டிரம்மின் வட்டம் குலைந்திருக்கிறது. இரும்போடு இரும்பு உராயும் ஓசை கேட்டால் அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

வண்டியைத் தூக்கி நிறுத்தும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்கி நிற்பதற்கு ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் சிமென்ட் கல்லும் எச்சரிக்கை எதுவும் தராமல் நொறுங்கக்கூடியவை. சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கினால் கைப்பிரேக் பயன்படாது என்பதையும், அந்த நிலையில் வண்டியை அசையாமல் நிறுத்துவது கட்டை மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்டாண்டில் ஏற்றிய பின், அடியில் கை வைப்பதற்கு முன்னால் வண்டியை ஒருமுறை பலமாகத் தள்ளிப் பாருங்கள்.

டிரம்முக்குள் இருக்கும் தூசியை காற்றடித்து ஊதிவிடலாமா?

கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் நுண்ணிழைகளைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் (பெரும்பாலும் நுரையீரலைச் சூழ்ந்த உறையில் வரும் புற்றுநோய்) பல பத்தாண்டுகள் கழித்துக்கூட வரலாம். லைனிங்கைப் பார்த்து அதில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது என்பதால், இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் முறை. வாயால் ஊதுவதும், உலர்ந்த தூரிகையால் தட்டுவதும், வீட்டுத் தூசி உறிஞ்சியைப் பயன்படுத்துவதும் ஆகாது. சோப்பு நீரைத் தெளித்து நன்றாக நனைத்து, அடியில் தட்டு வைத்து வழியவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை உலரும் முன்பே பையில் கட்டி மூடிவிடுங்கள். சாதாரணத் துணி முகக்கவசம் இந்த இழைகளைத் தடுக்காது.

ஸ்பிரேயாக வரும் பிரேக் கிளீனரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவற்றுள் சில குளோரின் கலந்த கரைப்பான்கள். அந்த வகை நனைத்த பாகத்தை வெல்டிங் செய்தாலோ நெருப்பில் சூடாக்கினாலோ பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும்.

டிரம் கழன்று வர மறுக்கிறது. சுத்தியலால் அடிக்கலாமா?

விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு உடைந்துவிடும். பெரும்பாலும் டிரம்மைப் பிடித்து வைத்திருப்பது, தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் உருவான வரப்புதான். பேக் பிளேட்டின் (ஷூக்கள் பூட்டப்பட்டிருக்கும் பின்தகட்டின்) பின்புறத் துளை வழியாக அட்ஜஸ்டரை (ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பாகத்தை) தளர்த்தி, ஷூக்களை உள்ளே சுருக்கினால் வரப்பிலிருந்து விடுபடும். ஹப்போடு (சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகத்தோடு) துருவால் ஒட்டியிருந்தால், நடுவட்டத்தைச் சுற்றித் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பல டிரம்களில் மரையுள்ள இரண்டு துளைகள் உண்டு. அவற்றில் போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும்.

ஷூ மாற்றும்போது எங்கே தவறு நேரும்?

ஸ்பிரிங்குகள் மாறிப்போவதில்தான். எனவே ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள்; பார்த்துப் பூட்ட ஒரு பக்கம் அப்படியே இருக்கும். கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது, ஆனால் முன்பு பூட்டியவரே தவறாகப் பூட்டியிருக்கக்கூடும் என்பதால் கையேட்டின் படத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். சில அமைப்புகளில் இரண்டு ஷூக்களின் லைனிங்கும் ஒரே நீளத்தில் இருக்காது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்பது அங்கே பிரேக்கின் வலிமையையே தீர்மானிக்கும்.

டிரம் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது; மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். சிலிண்டரின் தூசு மூடியைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சிலிண்டரையும் மாற்றவேண்டும், இல்லையேல் புதிய லைனிங் சில நாட்களில் நனைந்து வீணாகும். ஆயிலோ கிரீஸோ ஊறிய லைனிங்கைக் கழுவியும் காயவைத்தும் மீட்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் நனைந்திருந்தாலும் அந்த அச்சின் இரு பக்கங்களையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

பேக் பிளேட்டில் ஷூவின் ஓரம் உராயும் மேடுகளுக்கு மட்டும், அதிக வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். டிரம்மை மாட்டியதும் சக்கரம் சுற்றாத அளவுக்கு அட்ஜஸ்டரை இறுக்கி, பெடலை மிதித்து ஷூக்களை நடுவில் அமரச் செய்து, பின் சக்கரம் விடுபட்டுச் சுற்றும்வரை தளர்த்த வேண்டும். மெல்லிய உரசல் ஓசை கேட்பதில் தவறில்லை. டிரம்மைக் கடைந்திருந்தால் அதில் வார்க்கப்பட்டிருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டியிருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் மாட்டாதீர்கள்.

டிஸ்க் பிரேக்கில் பேட் மாற்றுவது இதைவிட எளிதுதானே?

எளிதுதான், எளிது என்பதாலேயே கவனக்குறைவும் அதிகம். பேட்டின் உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். விளிம்பில் தேயாத வரப்பு இருப்பதால் அங்கே அளக்காமல் உராயும் பரப்பில் மைக்ரோமீட்டரால் அளக்கவேண்டும். கழற்றிய காலிபரை (பேட்களைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் பாகத்தை) ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பழைய ஆயில் மேலேறி, மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் தரும் டப்பாவிலிருந்து வழியும், வழிந்தால் பெயிண்ட்டை உரித்துவிடும். பழைய வண்டிகளில் பிளீடர் நிப்பிளில் (காற்றையும் ஆயிலையும் வெளியேற்றத் திறக்கும் சிறு திருகில்) குழாய் மாட்டி, அதைத் திறந்துவிட்டுப் பிஸ்டனைத் தள்ளுவதையே நான் விரும்புவேன். காலிபரின் அடியில் படிந்த கசடு மாஸ்டர் சிலிண்டருக்குள் போகாமல் வெளியேறிவிடும். பிஸ்டன் உள்ளே போனதும் நிப்பிளை மூடிவிடுங்கள். கைப்பிரேக் இணைந்த பின்காலிபர்களில் சில பிஸ்டன்கள் திருகினால் மட்டுமே உள்ளே போகும். அவற்றை அழுத்தித் தள்ளினால் உள்ளமைப்பு உடைந்துவிடும். காலிபர் நகரும் ஊசிகளைச் சுத்தம்செய்து, ரப்பருக்குக் கேடு செய்யாத பிரேக் கிரீஸைத் தடவவேண்டும்.

கால் எடுத்த பிறகும் சக்கரம் விடுபடாமல் பிடித்துக்கொண்டே இருப்பது ஏன்?

நான்கு சக்கரங்களும் பிடிக்கின்றனவா, ஒன்று மட்டுமா என்பதை முதலில் பாருங்கள். எல்லாச் சக்கரங்களும் ஓட ஓட இறுகினால், மாஸ்டர் சிலிண்டரிலேயே காரணம் இருக்கக்கூடும். பெடலின் தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிது இடைவெளி இல்லாவிட்டால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் நுண்துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயில் போக வழியின்றி பிரேக்கைத் தானே அழுத்தும்.

ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால், அதைத் தூக்கி, பெடலை மிதித்து விட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருக்கும் நிலையில் பிளீடர் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் சிக்கிக்கொண்டிருந்தது என்று பொருள். நிப்பிளைத் திறந்தும் விடுபடாவிட்டால், பிஸ்டனோ, காலிபரின் ஊசியோ, கைப்பிரேக் கேபிளோ துருவேறி ஜாம் ஆகியிருக்கிறது.

சிக்கிய அழுத்தத்துக்கு மிகவும் பொதுவான காரணம், உள்ளே வீங்கிச் சுருங்கிய ரப்பர் ஹோஸ். காலின் பலத்தில் ஆயில் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் திரும்பி வருவதற்கு அந்த பலம் இல்லாததால் அடைபட்டுவிடுகிறது. வெளியே பார்த்தால் ஹோஸ் பளபளவென்று இருக்கும் என்பதால், காலிபரை மாற்றியும் குறை தீரவில்லை என்று குழம்புவார்கள். உறுதிசெய்ய, மறுபடி மிதித்து இறுக்கிவிட்டு, இம்முறை ஹோஸுக்கு முன்னால் உள்ள இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடுபடாமல், நிப்பிளில் விடுபட்டால் ஹோஸ்தான் குற்றவாளி. வயது தெரியாத ஹோஸ்கள் உள்ள வண்டியில் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிவிடுவதே என் பரிந்துரை.

எந்த பிரேக் ஆயிலை ஊற்றவேண்டும்?

டப்பாவின் மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதை. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளைச் சார்ந்தவை, ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. நீர் சேராத நிலையில் டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையிலும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையிலும் கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீத நீர் சேர்ந்ததும் இந்த எல்லை முறையே 140 ஆகவும் 155 ஆகவும் இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால், அந்த நீர் ஆவியாகி, பெடல் ஒன்றுமில்லாமல் தரைக்குப் போய்விடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வதன் காரணம் இதுவே.

டாட் 5 சிலிக்கோன் சார்ந்தது; மற்றவற்றோடு கலக்கவே கூடாது. எண் அடுத்தடுத்து இருப்பதால் 5 என்பதையும் 5.1 என்பதையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். பெயிண்ட்டைக் கெடுக்காது என்பதற்காகப் பழைய கார் வைத்திருப்போர் சிலர் டாட் 5ஐ விரும்புகிறார்கள், ஆனால் அது நீரை ஏற்காததால் உள்ளே வந்த நீர் தாழ்வான இடத்தில் தனியே தேங்கி அரிக்கும். அதற்கு மாற விரும்பினால் எல்லாவற்றையும் பிரித்துச் சுத்தம்செய்து ரப்பர்களைப் புதிதாகப் போடவேண்டும். ஹைட்ரோநியூமேட்டிக் (ஆயிலும் வாயுவும் சேர்ந்து வண்டியைத் தாங்கும்) அமைப்புள்ள சித்ரோயன் கார்களில் 1960களின் பிற்பகுதி முதல் பச்சை நிற மினரல் ஆயில் வந்தது. அவற்றில் டாட் வகை எதையும் ஊற்றினால் ரப்பர்கள் அழியும்.

அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினால் என்ன ஆகும்?

கிளைக்காலுக்கென்று செய்த ரப்பர் பாகங்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டதும் உப்பி, மிருதுவாகி, வேலை செய்யாமல் போய்விடும். தவறி ஊற்றிவிட்டால், ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ்வரை ரப்பர் உள்ள எல்லாப் பாகங்களும் மாற்றவேண்டியவைதான்.

இருவர் சேர்ந்து ஏர் எடுக்கும் முறை என்ன?

முதல் நாளே நிப்பிள்களில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஆறுபக்கமும் பிடிக்கும் ரிங் ஸ்பேனரால் மட்டுமே திருகுங்கள். நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, அதன் மறுமுனை புட்டியில் உள்ள புதிய ஆயிலுக்குள் மூழ்கியிருக்கச் செய்யவேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். குறுக்காகப் பிரிக்கப்பட்ட இரட்டைச் சுற்றுள்ள (ஆயில் தனித்தனியான இரண்டு வழிகளில் செல்லும்) வண்டிகளில் வரிசை மாறும்.

உள்ளே இருப்பவர் நிதானமாக மிதித்துப் பிடிக்க, வெளியே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடி, மூடிய பிறகே “விடலாம்” என்று குரல் கொடுக்கவேண்டும். மூடுவதற்கு முன் கால் எழுந்தால் காற்று மறுபடி உள்ளே போகும். குமிழியில்லாமல் தெளிந்த ஆயில் வரும்வரை இதைத் தொடருங்கள். இடையிடையே டப்பாவை நிரப்புங்கள். ஒருமுறை அது காலியானால் செய்த வேலை அத்தனையும் வீண்.

பழைய வண்டிக்கென்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பாதித் தூரமே போய் வருவதால், அதற்கப்பால் உள்ள சுவர் துருவும் கசடுமாக இருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை அழுத்தினால், கப்பின் உதடு அந்தச் சொரசொரப்பில் கிழிந்து, நன்றாக இருந்த சிலிண்டர் அன்றே கெட்டுப்போகும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்தால் இதைத் தவிர்க்கலாம்.

எவ்வளவு ஏர் எடுத்தும் பெடல் மெத்தென்றே இருக்கிறதே?

இடது காலிபரும் வலது காலிபரும் மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும், மேலே நிற்கும் காற்று ஒருபோதும் வெளியேறாது. புதிய ஷூவின் வளைவு டிரம்மின் வளைவோடு பொருந்தாதபோதும், ஹோஸ்கள் மிதிக்கும்போதெல்லாம் உப்பும்போதும் இதே உணர்வு ஏற்படும். புதிதாகப் போட்ட மாஸ்டர் சிலிண்டராக இருந்தால், வண்டியில் பூட்டுவதற்கு முன் பெஞ்சு வைஸில் வைத்து ஏர் எடுத்தீர்களா என்று யோசியுங்கள்.

துருப்பிடித்த இரும்புக் குழாயில் ஒட்டுப் போடலாமா?

போடக் கூடாது. பலமான பிரேக்கில் அந்தக் குழாய்க்குள் அழுத்தம் 100 பாரை (வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் நூறு மடங்கை) எட்டக்கூடும். ரப்பர் குழாயும் கிளிப்பும், தண்ணீர்க் குழாய்க்கான இணைப்பும் அதைத் தாங்கா. செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் குழாய் துருப்பிடிக்காது, கையால் வளைக்கவும் எளிது. சுத்தச் செம்பு அதிர்வில் இறுகி விரிசல் விடும். முனையை விரிப்பதில் இரட்டை மடிப்பு, குமிழ் வடிவம் என இருவகை உண்டு. பழைய குழாயில் எது இருந்ததோ அதையே செய்யவேண்டும்.

இரட்டைச் சுற்று அமைப்பு அமெரிக்காவில் 1968 முதல் கட்டாயமானது. அதற்கு முந்தைய பல கார்களில் ஒரே சுற்றுதான். எந்த மூலையில் குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இல்லாமல் போகும். அத்தகைய வண்டியில் சந்தேகத்துக்குரிய குழாயை அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிப்போட இடமில்லை.

சிலிண்டரை அப்படியே வைத்து, ரப்பர் கிட் மட்டும் போட்டால் போதுமா?

உட்சுவர் கண்ணாடிபோல் இருந்தால் போதும். விரல் நகத்துக்குத் தட்டுப்படும் குழி ஒன்று இருந்தாலும் புதிய கப்பு கசியும். சிலிண்டர் கிடைக்காத அரிய மாடல்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு உறை ஏற்றித் தரும் பட்டறைகள் உண்டு. காலிபர் பிஸ்டன் வர மறுத்தால், ஹோஸைக் கழற்றுவதற்கு முன் பெடலை மிதித்தே வெளியே கொண்டுவாருங்கள். காற்றடித்துக் கழற்றினால் பிஸ்டன் தோட்டாவைப் போல் பாயும், இடையில் விரல் இருந்தால் நசுங்கிவிடும்.

கைப்பிரேக் பிடிப்பதில்லை. கேபிளை இறுக்கினால் தீருமா?

ஷூவைச் சரிசெய்யாமல் கேபிளை இறுக்குவது தலைகீழான வேலை. முதலில் கேபிளைத் தளர்த்தி, ஷூவைச் சரிசெய்து, கடைசியாகவே கேபிளுக்கு வாருங்கள்.

ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பழைய காரிலும் இதெல்லாம் பொருந்துமா?

பேட், ஷூ வரையில் பொருந்தும். ஆனால் தொடக்க கால ஏபிஎஸ் அமைப்புகள் சிலவற்றில், வண்டி நின்றிருக்கும்போதும் சேமக்கலத்தில் உயர் அழுத்தம் தங்கியிருக்கும். கையேட்டில் சொன்னபடி அதைத் தணிக்காமல் எந்த நட்டையும் தளர்த்தக் கூடாது. அந்த வகை வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோவதே மேல்.

வேலை முடிந்ததும் எப்படிச் சோதிப்பது?

எஞ்சினைத் தொடுவதற்கு முன் பெடலை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பேட் மாற்றியவுடன் பிஸ்டன் உள்ளடங்கியிருப்பதால் முதல் மிதி தரைக்கே போகும். இதை மறந்து வண்டியை நகர்த்தியவர்கள் சுவரில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு பலமாக மிதித்து அரை நிமிடம் பிடித்திருக்க, மற்றொருவர் ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பார்க்கட்டும். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு முறுக்குங்கள்.

முதல் ஓட்டம் ஆளில்லாத சமதரையில் நடைவேகத்தில் இருக்கட்டும். புதிய லைனிங் பதிவதற்கு, மிதமான வேகத்திலிருந்து நிற்காமல் மெதுவாக்கி, மறுபடி வேகம் கூட்டி, இடையில் ஆறவிட்டுப் பலமுறை செய்யவேண்டும். சூடான நிலையில் பெடலை மிதித்தபடியே நிற்கக் கூடாது. 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளின் இறுக்கத்தையும் கசிவையும் ஆயில் மட்டத்தையும் மீண்டும் பாருங்கள்.

எடுத்த பழைய ஆயிலையும், டின்னில் மீந்த புதியதையும் என்ன செய்வது?

வடித்த ஆயில் தெளிவாகத் தெரிந்தாலும் மறுபடி ஊற்றக் கூடாது. சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், எஞ்சின் ஆயிலோடு கலக்காமல், மூடிய புட்டியில் கழிவு எண்ணெய் வாங்குபவரிடம் கொடுங்கள். பெயிண்ட்டில் சிந்தினால் தேய்க்காமல் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவவேண்டும். திறந்த டின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், அடுத்த ஆண்டுக்கென்று வைத்திருக்காமல் தேவைக்கேற்ற சிறிய டின்னாக வாங்குங்கள்.